பதினொன்றரைக்குக் காட்டிய வீடு

என் மனைவி வீட்டு புரோக்கர். விசிட்டிங் கார்டில் ‘சொத்து ஆலோசகர்’ என்று போட்டிருக்கிறது. அதெல்லாம் சும்மா. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு நாயாய் பேயாய் அலைகிற வேலைக்கு எனக்குத் தெரிந்த பெயர் புரோக்கர்தான். நான் லிப்ட் மெக்கானிக். என்னை யாரும் ஆலோசகர் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நான் திரும்பியும் பார்க்க மாட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பார்க்காத டாக்டர் இல்லை. இந்தப் பதினாறு வருஷத்தில் ஒன்பது வாடகை வீடுகள் மாறியிருக்கிறோம். ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒன்று சொல்லி வைத்தாற்போல், “சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க” என்றார்கள். எங்கள் கல்யாணப் படம் இன்னும் அலமாரி மேல் சாய்ந்தபடிதான் நிற்கிறது. காற்றடித்தால் விழும், எடுத்து வைப்போம். அவ்வளவுதான் எங்கள் சொத்து விவரம்.

புரோக்கர் ஆவதற்கு முன்னால் அவள் பதினோரு வருஷம் ஒரு திரைச்சீலைக் கடையில் இருந்தாள். தைப்பது மட்டுமில்லை, வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்துகொண்டு வருவதும் அவள்தான். அளக்கப் போகிற இடத்திலெல்லாம் ஒரு கேள்வி கேட்பாள்: “இந்த ஜன்னலுக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும்?” துணி எவ்வளவு தடிமன் வேண்டும் என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாதாம். “சொந்த வீடுங்க, வெயில் எப்போ வருதுன்னு தெரியாம குடியிருக்காங்க” என்று வந்து என்னிடம் அங்கலாய்ப்பாள். நான் என்னத்தைச் சொல்ல? எங்கள் வீட்டில் வெயில் வருகிற ஜன்னலே கிடையாது.

அந்தக் கடையை மூடினார்கள். அவள் கடைசியாகத் திரை தைத்துக் கொடுத்தது ஒரு வீட்டு புரோக்கர் ஆபீஸுக்கு. அதன் முதலாளிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆள் தெருமுனையில் திரும்பும்போதே வாசனை இங்கே வந்துவிடும், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் ‘சென்ட்டு’. அவர்தான் கூப்பிட்டார். “சும்மா எதுக்கு வீட்ல உட்காரணும், நம்மகிட்ட வந்துடுங்கக்கா. பேசத் தெரியுது, நடக்கத் தெரியுது. இந்தத் தொழிலுக்கு வேற என்ன வேணும்?”

முதல் மூன்று மாதம் ஒரு வீடுகூட விற்கவில்லை. எப்படி விற்கும்? பார்ட்டி கதவைத் தாண்டுவதற்குள், “பாத்ரூம்ல ஈரம் சீக்கிரம் காயாது, பார்த்துக்கோங்க” என்பாள். மாடிப்படி செங்குத்து என்பாள். மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கும் என்பாள். பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வருவது என்றால் சும்மாவா? நாலு நாள் போனில் தொங்க வேண்டும். அப்படிப் பிடித்து வந்த ஆளை நாலே நிமிஷத்தில் ஓட்டிவிடுவாள்.

“நீ வீட்ட விக்கப் போறியா, இல்ல வீட்டு மேல புகார் குடுக்கப் போறியா?” என்று கேட்டேன்.

“உள்ளதைத்தானே சொல்றேன்.”

“உள்ளதைச் சொல்றதுக்கு உனக்கு எதுக்கு கமிஷன்?”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதல் விற்பனை என்னால் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன், அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரு பழைய கட்டடத்தில் நாலாவது மாடி வீடு. இருட்டு என்றால் அப்படி ஒரு இருட்டு. ஒரு வருஷமாக எந்தப் பார்ட்டியும் ஹாலைத் தாண்டியதில்லை. அந்தக் கட்டடத்து லிப்ட் என் பராமரிப்பு. ஒருநாள் காலை ஏழு மணிக்கு லிப்ட் மாட்டிக்கொண்டது என்று ஓடினேன். அந்த வீட்டுச் சாவி கையில் இருந்ததால் அவளும் கூட வந்தாள். நான் லிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். பதறியடித்து ஏறிப் போனால், அந்த இருட்டு ஹால் முழுக்க வெளிச்சம். எதிரே புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில் காலை வெயில் பட்டுத் திரும்பி நேராக இந்த வீட்டுக்குள் விழுகிறது. முக்கால் மணி நேரம்தான், பிறகு பழைய இருட்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போனாள். பத்து மணிக்கு அட்வான்ஸ் கைமாறிவிட்டது. சென்ட்டு ஆபீஸில் கேக் வெட்டினார்.

அன்றைக்கு அவள் ஒரு நீள நோட்டு வாங்கினாள். வீட்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போவாள். காலையில் ஒரு தடவை, உச்சிப் பொழுதில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, குழாயில் தேங்கிய தண்ணீரை ஓடவிட்டு, தரையில் சும்மா உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அந்தப் பக்கத்தின் மேலே ஒரு மணியை எழுதி வட்டம் போடுவாள். அந்த மணிக்குத்தான் பார்ட்டியைக் கூட்டிப் போவாள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு என்றால் விடுமுறை நாள். மேற்குப் பார்த்த வீடு என்றால் காலை. நாலு மாதத்தில் ஆறு வீடுகள் விற்றாள். பத்து வருஷமாக இருக்கிறவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். சென்ட்டு என்னைப் பார்க்கும்போதெல்லாம், “அண்ணே, அக்கா கைராசிக்காரங்க” என்பார். கைராசியாவது ஒன்றாவது. அவள் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நேரம் குடியிருந்துவிட்டு வந்தாள், அதுதான் ரகசியம். எங்கே கட்டில், எங்கே அலமாரி, யார் எந்த மூலையில் உட்காருவார்கள் என்று எல்லாம் மனசுக்குள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். ராத்திரி சாப்பிடும்போது சொல்வாள். எனக்குக் கேட்கத் தாங்காது. அதைக் காட்டிக்கொள்ளாமல், “இன்னிக்கு எந்த வீட்ல குடித்தனம்?” என்று கிண்டல் பண்ணுவேன்.

அப்போதுதான் நர்ஸம்மா வீடு வந்தது.

நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். மத்தியானத்துக்கு மேல் ஒரு கிளினிக்கில் பாதி நேர வேலை. ஒரே மகள், வெளியூரில். மகளுக்குப் பையன் பிறந்து அப்போது இரண்டு மாதம். பிரசவத்துக்குப் போயிருந்தார். மகள் இருப்பது ஒற்றை அறை வீடு. மாமியார் படுக்க இடம் கொடுத்துவிட்டு மருமகன் பதினைந்து நாள் நண்பன் வீட்டில் தூங்கினாராம். நர்ஸம்மா வெட்கப்பட்டுத் திரும்பி வந்துவிட்டார். இந்த வீட்டை விற்று, அங்கே எல்லாரும் இருக்கிற மாதிரி ஒன்று வாங்க வேண்டும். அதற்குத்தான் விற்பனை.

“ஆயிரம் புள்ளைங்கள தூக்கியிருக்கேன். இவன் குப்புற விழறத மட்டும் கிட்ட இருந்து பார்த்துடணும்மா. சீக்கிரம் முடிச்சுக் குடு” என்று சாவியை என் மனைவி கையில் வைத்து மூடினார்.

மாதம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று. வீடு விற்கவில்லை. சென்ட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். “நல்ல வீடு, நியாயமான விலை, என்னக்கா ஆச்சு?” என்றார். பின்பக்கம் தகரப் பட்டறை இருக்கிறது, சத்தம், அதனால் தள்ளிப்போகிறது என்றாள். நானும் நம்பினேன்.

பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடுகிறது என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். நாலரை மணிக்குப் போனேன். நர்ஸம்மா கிளினிக்குக்குப் போயிருந்தார். சின்ன வீடுதான். இரண்டு அறை, சமையலறை, கூடத்தில் ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்குக் கீழே ஆள் ஏறி உட்காருகிற அகலத்துக்கு ஒரு மேடை. பக்கத்து மனையில் நின்ற மரத்தின் வழியாக வெயில் வடிந்து வந்து தரையில் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறையில் சத்தமே இல்லை. ஒரு குருவி கத்தினால்கூடக் கேட்கும்.

“பட்டறை லீவா?” என்றேன்.

“தினமும் பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும்தான் தகரம் அறுப்பாங்க. அப்புறம் வண்டியில ஏத்தி அனுப்பறதோட சரி.”

சொல்லிவிட்டு அந்த மேடையில் ஏறி உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று வயதுப் பெண், காலைத் தொங்கப்போட்டு ஆட்டினாள்.

“நமக்கு உடனே ஒரு பொண்ணு பொறந்திருந்தா இப்ப பதினஞ்சு வயசு. லேட்டா பொறந்திருந்தா பத்து. பத்துன்னே வச்சுக்குவோம். இங்க இப்படித்தான் உட்காருவா. புத்தகத்தத் தொறந்து வச்சுக்கிட்டு வெளிய வேடிக்கை பார்ப்பா. ‘என்னடி சத்தத்தையே காணோம்’னு நான் உள்ளேர்ந்து கேட்டா, உடனே சத்தமா படிக்கிற மாதிரி நடிப்பா.”

நான் தாழ்ப்பாளை முடுக்கிக்கொண்டிருந்தேன். முடுக்கி முடித்த பிறகும் முடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வீடு வாங்க வக்கில்லாதவன் வேறு என்ன செய்வான்?

அந்த வாரமே அவளுடைய நோட்டு என் கையில் சிக்கியது. பேனா எடுக்கப் போனவன், நர்ஸம்மா பக்கத்தைப் பிரித்தேன். மேலே ‘நாலரை’ என்று எழுதி இரண்டு வட்டம் போட்டிருந்தது. கீழே ஏழு பார்ட்டிகள் வந்துபோன விவரம். ஏழு பேரும் வந்தது பதினொன்றரை மணிக்கு. சரி, ஏதோ அவர்கள் வசதிக்கு என்று பார்த்தால், பார்ட்டிகள் யார் தெரியுமா? ராத்திரி ஷிப்ட் போய்விட்டுப் பகலில் தூங்குகிற புருஷன் பெண்டாட்டி. வீட்டிலேயே உட்கார்ந்து நாள் முழுக்கப் போனில் பேசி வேலை பார்க்கிற ஒருவர். பாட்டு வகுப்பு நடத்துகிற ஒரு அம்மாள். தகரம் அறுக்கிற நேரத்துக்கு, தகரச் சத்தம் ஆகாத ஆட்களாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கூட்டிப் போயிருக்கிறாள். வீட்டை விற்கத் தெரிந்தவளுக்குத்தான் வீட்டை விற்காமல் வைத்திருக்கவும் தெரியும்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. “அந்தம்மா பேரனப் பார்க்க முடியாம தவிக்குது. உனக்கு மனசாட்சி இருக்கா?” என்று கத்தினேன். மேல்வீட்டில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

அவள் மறைக்கவில்லை. சமையலறை வாசலில் நின்று சொன்னாள். “நம்மால வாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? வாங்கத்தான் முடியாது. விக்காம வச்சிருக்க முடியுமில்ல? அது விக்காத வரைக்கும் சாவி என்கிட்டதான இருக்கும். வாரத்துல ரெண்டு நாள் நாலரை மணிக்குப் போய் அந்த ஜன்னல்ல உட்கார்றேன். அவளும் வந்து உட்கார்றா. வேற எந்த வீட்லயும் அவ வரலைங்க. எனக்கு வேணும் அந்த வீடு.”

நான் கத்தியது கத்தியதுதான். நோட்டை மூடி எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் நானே அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனேன். என்ன செய்வதாக உத்தேசம் என்று எனக்கே தெரியாது. கதவைத் திறந்தால், நர்ஸம்மா ஸ்டூல் மேல் ஏறிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறார். அறுபத்து மூன்று வயது. கை, முழங்கை, மூக்கு நுனி எல்லாம் பெயின்ட்.

“நீங்க எதுக்கு இதெல்லாம்...” என்று ஓடினாள் இவள்.

“ஏழு பேர் வந்தாங்க, ஒருத்தருக்கும் பிடிக்கல. சுவரு அழுக்கா இருக்கு போலம்மா. நான் பாட்டுக்கு இவ்வளவு வருஷம் கவனிக்காம இருந்துட்டேன்” என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மகள். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. “ஐயோ, கையெல்லாம் பெயின்ட்டு. நீ கொஞ்சம் எடுத்துப் பிடிம்மா” என்றார் நர்ஸம்மா. என் மனைவி போனை எடுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

போனில் மகள் கத்துகிறாள்: “அம்மா, பாரு பாரு, குப்புற விழுந்துட்டான்! இப்பதான்! இன்னொரு தடவை விழறான் பாரு!”

நர்ஸம்மா ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டார். பேரனைத் தொட வருகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார், பெயின்ட் பட்டுவிடும் என்று இழுத்துக்கொண்டார். “என் தங்கமே, என் ராஜா, தலையத் தூக்கு, தூக்கு...” என்று அழுகிறார், சிரிக்கிறார், மூக்கில் பெயின்டோடு. போன் என் மனைவி கையில் ஒரு பக்கம் சரிந்தது. நான் வாங்கிக்கொள்ளப் போனேன். இவள் கொடுக்கவில்லை. அழைப்பு முடிகிறவரை அவளேதான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, “புதன்கிழமை நாலரைக்கு ஒரு பார்ட்டி வரச் சொல்லப்போறேன். நீங்களும் வாங்க. தனியா என்னால முடியாது” என்றாள்.

புதன்கிழமை வந்தவர்கள் புருஷன், பெண்டாட்டி, பத்து வயது மகள். மூன்று பேரும் கூடத்துக்குள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். வெயில் தரையில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு பின்கதவோரம் நின்றேன்.

என் மனைவி அன்றைக்குப் பேசியதுபோல் எந்த வீட்டிலும் பேசியதில்லை. “இந்தச் சுவத்துல எங்க வேணா ஆணி அடிக்கலாம், நல்லா பிடிக்கும். படமெல்லாம் மாட்டலாம். இவர் இங்க சாஞ்சு உட்காருவாரு, காத்து வரும். சமையல்கட்டுல நீங்க நின்னா கூடம் தெரியும்” என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய் ஜன்னலுக்கு வந்தாள். கொஞ்சம் நின்றாள். “இங்க உட்கார்ந்துதான் உங்க பொண்ணு படிப்பா. காலத் தொங்கப்போட்டு ஆட்டிக்கிட்டு. படிக்கவா செய்வா? வேடிக்கைதான் பார்ப்பா. ‘என்னடி சத்தத்தையே காணோம்’னு நீங்க உள்ளேர்ந்து கேட்டா, சத்தமா படிக்கிற மாதிரி நடிப்பா.”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தாள். “ஆமாங்க, இவ அப்படியேதான். உங்களுக்கும் பொண்ணா?”

“ஆமா” என்றாள் என் மனைவி.

நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அவர்கள் அங்கேயே அட்வான்ஸ் தருகிறேன் என்றார்கள். இவள் வாங்கவில்லை. “நாளைக்கு பதினொண்ணரைக்கு ஒரு தடவை வாங்க. பின்னாடி தகரம் அறுப்பாங்க, காது போயிடும். அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க” என்றாள். அடிப்பாவி, மறுபடியும் புகார் கொடுக்க ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்குப் பக்கென்றது. மறுநாள் வந்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். “அந்த நேரத்துல வீட்ல யார் இருக்கப்போறா? நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு, இவ ஸ்கூலுக்கு” என்று சொல்லிவிட்டு அட்வான்ஸைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் அவள் கட்டிக் காத்த தகரச் சத்தம் ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமில்லாமல் போயிற்று.

பத்திரப்பதிவு முடிந்த அன்று நர்ஸம்மா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இவள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வேண்டாம், விட்டுவிடு, அவர்தான் சந்தோஷமாகப் போகிறாரே என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே? நர்ஸம்மா ஒரு போர்வையை மடித்தபடியே கேட்டார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். திட்டுவார் என்று பார்த்தோம்.

“தவழறதுக்குள்ளயாவது போயிடறேன்” என்றார். அவ்வளவுதான். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டார், அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் ஒரு போன் கிடையாது.

அதிலிருந்து என் மனைவி எந்த வீட்டையும் இரண்டு தடவை காட்டுகிறாள். நல்ல மணிக்கு ஒரு தடவை, கெட்ட மணிக்கு ஒரு தடவை. நோட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு வட்டம். சென்ட்டு தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ‘அந்தக்கா காட்டினா மறைக்க மாட்டாங்க’ என்று பேச்சுப் பரவி, பார்ட்டிகள் அவளைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். வருஷம் முடிவதற்குள் ஆபீஸில் மற்ற எல்லாரையும்விட அவள்தான் அதிக வீடுகள் விற்றாள். சென்ட்டு மறுபடியும் கேக் வெட்டினார். நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். கல்யாணப் படம் அலமாரி மேல்தான் சாய்ந்து நிற்கிறது. வாங்குகிற நாள் வரும் என்கிறாள். எனக்கும் ஆசைதான், சொல்வதில்லை.

போன மாதம் அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. அந்த வீட்டை வாங்கிய பெண் அனுப்பியிருந்தாள். ஜன்னல் மேடையில் அவள் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள், முகம் வெளியே திரும்பியிருக்கிறது. ‘நீங்க சொன்ன மாதிரியே’ என்று கீழே எழுதியிருந்தது.

இவள் ரொம்ப நேரம் பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“காலத் தொங்கப்போட்டுத்தான் உட்காருவான்னு நினைச்சேன்” என்றாள். “மடக்கி உட்கார்ந்திருக்கா பாருங்க.”